பாசறையும் இல்லமும்

தமிழ்ச் சான்றோர் மக்கள் வாழ்வை அகம் எனவும் புறம் எனவும் இரு கூறாகப் பகுத்தனர். மனையும் மக்களும் அன்பும் அகத்தின்பாற்படுவன. அரசும் போரும் புகழும் புறத்தின்பாற்படுவன. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் எதிரெதிர் நின்று மோதும் இடம் ஒன்று உண்டு. அதுவே பாசறை. போர்மேற் சென்ற படை தங்கும் இடத்திற்குப் பாசறை என்பது பெயர். பாசறையில் இருக்கும் மன்னனையும், அவன் வரவு நோக்கி மனையில் இருக்கும் தலைவியையும் ஒருசேரக் காட்டுவது முல்லைப்பாட்டு. உடல் போர்முனையில் நிற்க, உள்ளம் வீட்டை நாடிச் செல்லும் இந்நிலை ஒரு நாட்டிற்கோ ஒரு காலத்திற்கோ மட்டும் உரியதன்று. கடல்கடந்த அமெரிக்க நாட்டில் 1861-ஆம் ஆண்டு முதல் 1865-ஆம் ஆண்டு வரை நடந்த உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கான வீரர் இந்நிலையில் வாழ்ந்தனர். அவர்கள் எழுதிய மடல்களும் நாட்குறிப்புகளும் அந்நாட்டு நூலகங்களிலும் ஆவணக் களரிகளிலும் பேணப்பட்டு வருகின்றன. அவற்றால் அவர்தம் பாசறை வாழ்வு நன்கு விளங்குகின்றது.

அப்போர் எழுந்த காரணத்தை முதற்கண் அறிதல் வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தியும் புகையிலையும் கரும்பும் விளைந்த பெருந்தோட்டங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக உழைத்தனர். 1860-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவர்தம் தொகை ஏறத்தாழ 40 இலட்சம். ஆடுமாடுகளைப்போல அவர்கள் விற்கவும் வாங்கவும் பட்டனர். அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவலாகாது என்ற கொள்கையுடைய ஆபிரகாம் லிங்கன், அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை முறையைக் காக்க விரும்பிய தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாட்டினின்றும் பிரிந்தன. அவ்வாறு பிரிந்தவை 11. 1861-ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 12-ஆம் நாள் தென் கரோலினாவில் உள்ள சம்ட்டர்க் கோட்டையின்மீது தென்படையினர் பீரங்கிகளைச் செலுத்தினர். போர் மூண்டது. ஒரே மொழி பேசி, ஒரே மறைநூலை ஓதி வளர்ந்தவர்கள் இரு கூறாய்ப் பிரிந்தனர். சில குடும்பங்களில் உடன்பிறந்தார் இருவர் இருவேறு படைகளிற் சேர்ந்து எதிர்நின்றதும் உண்டு.

போர் என்றவுடன் வாளொலியும் வெடியோசையுமே நினைவிற்கு வரும். ஆயின் வீரர்கள் களத்தில் நின்ற நாட்கள் சில. பாசறையில் இருந்த நாட்களே பல. விடியற்காலையில் முரசொலி கேட்டு எழுவர். பெயர் அழைப்பு நிகழும். பின்னர் அணிவகுத்தல், துப்பாக்கிப் பயிற்சி, விறகு வெட்டுதல், நீர் சுமத்தல், காவல் புரிதல் எனப் பொழுது கழியும். இரவில் விளக்கணைக்கும் நேரத்தை அறிவிக்க ஊதுகொம்பு ஒலிக்கும். 1862-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் தங்கிய வடபடைப் பாசறை ஒன்றில் அதற்கென அமைந்த இசையே இன்றளவும் அமெரிக்கப் போர்வீரரின் அடக்கத்தின்போது ஊதப்படுகின்றது.

உறையுளும் உணவும் எளியவை. படை நடந்து செல்லுங்காலத்தில் ஒவ்வொரு வீரனும் ஒரு கூடாரத்தின் பாதித் துணியைச் சுமந்து செல்வான். மாலையில் இருவர் தத்தம் பாதிகளைப் பொத்தானிட்டு இணைத்து அதனுள் ஒண்டிக்கொள்வர். பனிக்காலம் வந்தால் மரங்களை வெட்டி அடுக்கி, இடுக்குகளில் மண்ணை அப்பிச் சிறு குடில்களை எழுப்புவர். மாவும் நீரும் சேர்த்துச் சுட்ட கெட்டியான ரொட்டி, உப்பிட்ட பன்றி இறைச்சி, அவரை, காப்பி ஆகியவை வடபடையினரின் உணவு. அந்த ரொட்டி கல்லைப்போல் இறுகியிருக்கும். பலகால் அதில் புழுவும் வண்டும் மலிந்திருக்கும். அதனைச் சூடான காப்பியில் நனைத்து, மேலே மிதக்கும் பூச்சிகளை நீக்கிவிட்டு உண்பர். தென்படையினருக்கு அதுவும் அரிது. துறைமுகங்களை வடநாட்டுக் கப்பல்கள் முற்றுகையிட்டமையால் அவர்களுக்குக் காப்பிக் கொட்டை கிட்டவில்லை. சோள மாவையே பெரிதும் நம்பியிருந்த அவர்கள், சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பிறவற்றையும் வறுத்துப் பொடித்துக் காப்பிபோல் காய்ச்சிக் குடித்தனர்.

பகைவரின் குண்டினும் கொடியது நோய். நாட்டுப்புறங்களில் தனித்து வாழ்ந்த இளைஞர் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடியபோது தட்டம்மை முதலியன விரைந்து பரவின. தூய நீரும் கழிவகற்றும் முறையும் இல்லாமையால் வயிற்றுப்போக்கும் நச்சுக்காய்ச்சலும் பலரைக் கொண்டுசென்றன. அப்போரில் மடிந்தோர் ஏறத்தாழ 6,20,000 பேர் என நெடுங்காலம் கணக்கிடப்பட்டது. தொகை இதனினும் மிகுதி என்பது பின்னாளைய ஆய்வாளர் கருத்து. இறந்தவருள் ஏறத்தாழ மூவரில் இருவர் நோயால் மாண்டவரே.

இந்நோய்களோடு மற்றொரு துன்பத்தையும் படை மருத்துவர்கள் நோயாகவே கருதிப் பதிவு செய்தனர். அது வீட்டு நினைவால் வரும் ஏக்கம். உணவில் விருப்பின்றி, உறக்கமின்றி, எவரோடும் பேசாது சோர்ந்து கிடந்த வீரர்களை அவர்கள் இவ்வகையிற் சேர்த்தனர். வடபடையின் மருத்துவக் குறிப்புகளில் 5,000-க்கும் மேற்பட்டோர் இவ்வேக்கத்தால் நலிந்தவராகக் குறிக்கப்பட்டுள்ளனர். 70-க்கும் மேற்பட்டோர் அதனால் இறந்தனர் என்றும் எழுதப்பட்டுள்ளது. பிற நோய் மறைந்திருந்து கொன்றிருத்தலும் கூடும். எனினும், ஏக்கம் உயிரையும் உண்ணும் என்று மருத்துவரே எண்ணும் அளவிற்கு அது பாசறையில் வெளிப்பட்டு நின்றது.

இவ்வேக்கத்திற்கு மருந்தாக அமைந்தது மடல். மரப்பெட்டியின்மீதும், முழங்காலின்மீதும், முரசின்மீதும் தாளை வைத்து வீரர்கள் எழுதினர். விதைப்பு முடிந்ததா, பசு கன்று ஈன்றதா, குழந்தை நடக்கின்றதா என்பனவே அவர்கள் பெரிதும் வினவியவை. அஞ்சல்தலை வாங்க வழியில்லாத வீரரும் எழுதுமாறு, கட்டணத்தைப் பெறுபவரிடம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 1861-ஆம் ஆண்டு வடநாட்டு அரசு செய்தது. தென்பகுதியில் தாள் அரிதாயிற்று. அங்கே பழைய உறையை உட்புறம் வெளியாக மடித்துப் பயன்படுத்தினர்; சுவரில் ஒட்டும் தாளிலும் எழுதினர்; எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மீண்டும் எழுதி ஒரு தாளை இரு தாளாக்கினர்.

மடலை எதிர்நோக்கும் துன்பம் வீட்டாருக்கும் இருந்தது. அந்நாளில் அஞ்சல் நிலையத்திற்குச் சென்றே மடலைப் பெறுதல் வேண்டும். கிளீவ்லாந்து நகரில் அஞ்சற்பணி புரிந்த ஜோசப் பிரிக்ஸ் என்பார், கடுங்குளிரில் தாயரும் மனைவியரும் நீண்ட வரிசையில் நின்று காத்திருப்பதைக் கண்டு நெஞ்சு நொந்தார். மடலை வீட்டிற்கே கொண்டுசென்று கொடுக்க முனைந்தார். 1863-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் வடநாட்டின் பெருநகரங்களில் கட்டணமின்றி வீடுதோறும் மடல் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வடபடை வீரன் தன் ஊதியத்தில் ஒரு பகுதியை வீட்டிற்கு அனுப்புவதற்கு உதவியாக, 1864-ஆம் ஆண்டு நவம்பரில் பணவிடை முறையும் தோன்றியது. பாசறையின் ஏக்கமும் மனையின் கவலையும் ஒரு நாட்டின் அஞ்சல் முறையையே மாற்றின எனலாம்.

வீட்டு நினைவு இரு படையினர்க்கும் பொதுவாக இருந்தது. 1862-ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் ராப்பஹானக் ஆற்றின் இரு கரைகளிலும் இரு படைகளும் எதிரெதிரே தங்கியிருந்தன. வடகரைக் காவலரிடம் காப்பி இருந்தது. தென்கரைக் காவலரிடம் புகையிலை இருந்தது. மேலதிகாரிகள் அறியாவண்ணம் அவர்கள் பலகைத் துண்டுகளாற் சிறு படகு செய்து, அதில் தத்தம் பொருளை வைத்து மிதக்கவிட்டுப் பண்டமாற்றுச் செய்துகொண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் இரவு, டென்னசி மாநிலத்து மர்பிரீஸ்பரோ நகரருகே ஸ்டோன்ஸ் ஆற்றங்கரையில் இரு படைகளும் மறுநாட் போரை எதிர்நோக்கித் தங்கின. இரு பாசறைகளின் இசைக் குழுவினரும் ஒருவரையொருவர் விஞ்சத் தத்தம் போர்ப்பாடல்களை முழக்கினர். பின்னர் ஒரு குழு, வீட்டின் இனிமையைப் போற்றும் பழைய பாடல் ஒன்றை எடுத்தது. எதிர்ப் பாசறையினரும் அதனையே எடுத்தனர். இரு படை வீரரும் சேர்ந்து பாடினர் என அங்கிருந்தோர் எழுதியுள்ளனர். பொழுது விடிந்ததும் பாடிய வாயினரே போர்முழக்கம் செய்து மோதினர். 1863-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் வரை நீடித்த அப்போரில் இறந்தும் புண்பட்டும் சிறைப்பட்டும் இழக்கப்பட்டோர் 20,000-க்கும் மேற்பட்டவர்.

1863-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த கெட்டிஸ்பர்க்கில் பெரும்போர் நிகழ்ந்தது. போர் ஓய்ந்தபின் பெயர் அறியப்படாத வடபடை வீரன் ஒருவனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவன் யாவன் என்பதைக் காட்டும் மடலோ அடையாளமோ அவனிடம் இல்லை. கண்ணாடியிற் பதித்த சிறு நிழற்படம் ஒன்றே கையில் இருந்தது. இரு சிறுவரும் ஒரு சிறுமியும் அதில் அமர்ந்திருந்தனர். உயிர் பிரியும் நேரத்தில் அவன் தன் மக்களின் முகத்தையே நோக்கியிருந்தான் என்பது தெளிவாயிற்று. அப்படம் பிலடெல்பியா நகர மருத்துவர் ஒருவர் கைக்கு வந்தது. நாளிதழ்களில் நிழற்படத்தை அச்சிடும் முறை அப்போது இல்லை. ஆதலின் அவர் குழந்தைகளின் தோற்றத்தையும் உடையையும் சொற்களால் விரித்து வெளியிடச் செய்தார்.

நியூயார்க் மாநிலத்துப் போர்ட்வில் என்னும் சிற்றூரில் பிலிண்டா ஹூமிஸ்டன் என்னும் பெண் அச்செய்தியை அறிந்தாள். அத்தகைய படம் ஒன்றைத் தன் கணவனுக்கு அவளே அனுப்பியிருந்தாள். கெட்டிஸ்பர்க்கிற்குப் பின் அவனிடமிருந்து மடல் வரவில்லை. மருத்துவர் அனுப்பிய படியைக் கண்டதும் ஐயம் நீங்கியது; நம்பிக்கையும் உடன் நீங்கியது. இறந்தவன் ஆமோஸ் ஹூமிஸ்டன். சேணம் தைக்கும் தொழிலினன். அப்படத்தின் படிகள் நாடெங்கும் விற்கப்பட்டன. அவ்வாறு எழுந்த இரக்கத்தின் பயனாக, போரில் தந்தையை இழந்த சிறாருக்கென ஓர் இல்லம் 1866-ஆம் ஆண்டில் கெட்டிஸ்பர்க்கிலேயே திறக்கப்பட்டது. படத்தில் இருந்த மூன்று குழந்தைகளும் அதில் வாழ்ந்தனர்.

தென்படை வீரனின் ஏக்கத்திற்கு வறுமையும் துணைசேர்ந்தது. அங்கே பயிர்த்தொழில் நலிந்தது, விலை ஏறியது, பணத்தின் மதிப்பு வீழ்ந்தது. 1863-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் தென்னாட்டுத் தலைநகராகிய ரிச்மண்டில் பசித்த பெண்கள் திரண்டு, உணவுக் கடைகளைச் சூறையாடினர். குழந்தைகள் பட்டினி கிடக்கின்றனர் என வீட்டிலிருந்து வந்த மடல்களைப் படித்த வீரர் பலர், போரின் இறுதிக் காலத்தில் தண்டனைக்கும் அஞ்சாது பாசறையை விட்டு வீடு திரும்பினர். அவர்களுட் பலர் அடிமைகளை உடையவரல்லர், எளிய உழவரே. எனினும் அவர்கள் ஏந்திய படைக்கலம் அடிமை முறைக்கே அரணாக நின்றது.

இதுகாறும் கூறப்பட்ட வீரர் எத்துணைத் துன்புற்றாராயினும் அவர்களுக்கு ஓர் உரிமை இருந்தது. மனைவி மனைவியாகவும் மக்கள் மக்களாகவும் சட்டத்தால் ஏற்கப்பட்டனர். அவ்வுரிமையும் இல்லாத வீரர் பலர் அப்போரில் இருந்தனர். வடபடையிற் சேர்ந்த கறுப்பின வீரர் ஏறத்தாழ 1,80,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் அடிமைகளாய் இருந்தவர். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. கணவனை ஓரிடத்திற்கும் மனைவியை ஓரிடத்திற்கும் குழந்தையைப் பிறிதோரிடத்திற்கும் விற்கலாம். தென்மாநிலங்கள் பலவற்றில் அவர்களுக்கு எழுத்தறிவித்தலும் குற்றமாக இருந்தது. ஆதலின் பாசறையே அவர்களிற் பலருக்குப் பள்ளியாயிற்று. பயிற்சி முடிந்த ஓய்வு நேரத்தில் அவர்கள் எழுத்துக் கற்றனர். வீட்டிற்குத் தம் கையால் மடல் எழுதுதல் அவர்தம் பெருவிருப்பங்களுள் ஒன்று.

கெண்டக்கி மாநிலம் அடிமை முறையை உடையதாயினும் நாட்டினின்றும் பிரியவில்லை. ஆதலின் லிங்கன் 1863-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் வெளியிட்ட விடுதலை அறிவிப்பு அம்மாநிலத்தைத் தழுவவில்லை. அங்கே படையிற் சேர்ந்த அடிமை விடுதலை பெற்றான். அவன் மனைவி மக்களோ அடிமைகளாகவே இருந்தனர். அம்மாநிலத்தில் இருந்த நெல்சன் பாசறையில் 10,000-க்கும் மேற்பட்ட கறுப்பின வீரர் படையிற் சேர்ந்தனர். தாம் சென்றபின் குடும்பத்தினர் உடையவரால் துன்புறுத்தப்படுவர் என அஞ்சிப் பலர் அவர்களையும் உடனழைத்து வந்தனர். பாசறையின் ஓரத்தில் குடில்கள் எழுந்தன.

1864-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அக்குடும்பங்கள் வெளியேற வேண்டும் எனப் பாசறைத் தலைமை ஆணையிட்டது. கடுங்குளிர் நாளில் 400-க்கும் மேற்பட்ட பெண்டிரும் சிறாரும் வண்டிகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர், குடில்கள் அழிக்கப்பட்டன. அவர்களில் ஜோசப் மில்லர் என்னும் வீரனின் மனைவியும் நான்கு குழந்தைகளும் இருந்தனர். ஒரு மகன் நோயிலிருந்து தேறாதவன். குளிரில் கொண்டுசென்றால் அவன் இறந்துபடுவான் எனத் தந்தை மன்றாடியும் காவலன் இசையவில்லை. அன்றிரவு மில்லர் ஏறத்தாழ ஆறு மைல் நடந்து நிக்கலஸ்வில் என்னும் ஊரில் அவர்களைக் கண்டான். பழைய தொழுகைக் கூடம் ஒன்றில், பசியாலும் குளிராலும் நடுங்கியவாறு அவர்கள் இருந்தனர். மகன் இறந்திருந்தான். கடமை தவறாத அவ்வீரன் இரவே நடந்து பாசறைக்கு மீண்டான். மறுநாட் காலை மீண்டும் நடந்து சென்று, தன் கையாலேயே குழி தோண்டி மகனை அடக்கம் செய்தான்.

நவம்பர் 26-ஆம் நாள் மில்லர் இந்நிகழ்ச்சியை ஆணையிட்டு வாக்குமூலமாக அளித்தான். அவ்வாறு வெளியேற்றப்பட்டோரில் நூற்றுவர்க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செய்தி வெளிப்பட்டு நாடு கொதித்தது. படைத்துறை ஆணையை மாற்றிக்கொண்டு, அக்குடும்பங்களுக்கு அதே பாசறையில் உறைவிடம் அமைத்தது. 1865-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள், கறுப்பின வீரரின் மனைவியரும் மக்களும் விடுதலை பெற்றவரே எனப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. ஏப்ரல் 9-ஆம் நாள் தென்படைத் தலைவர் ராபர்ட் லீ அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அடிமை முறை அந்நாட்டில் முற்றும் ஒழிந்தது. நெல்சன் பாசறை இருந்த நிலப்பகுதி 2018-ஆம் ஆண்டு முதல் தேசிய நினைவிடமாகக் காக்கப்பட்டு வருகின்றது.

வீட்டை நினைந்து வருந்துதல் கோழைமை அன்று. நெடுந்தொலைவில் மனைவி மக்கள் உளர் என்னும் நினைவே வீரனைக் களத்தில் நிலைநிறுத்துவது. ஆயின் அவ்வன்பு தன் வாயிலோடு நின்றுவிடுமாயின் குறையுடையதாகும். ஆற்றங்கரையில் ஒரே பாடலைப் பாடிய இரு படையினர்க்கும் வீடு இனிதாகவே இருந்தது. அடிமையின் குடிலும் அவனுக்கு அவ்வாறே இனிது என்பதை அந்நாட்டினர் உரிய காலத்தில் உணர்ந்திருப்பின், அத்துணை இலட்சம் வீடுகளில் விளக்கு அணைந்திராது. தன் மகனைப் புதைத்துவிட்டு வந்து தன் துயரைச் சான்றாகப் பதிந்த ஒரு தந்தையின் சொல், ஆயிரக்கணக்கான தந்தையர்க்கு அவர்தம் மக்களை மீட்டுத் தந்தது. தன் இல்லத்தின் அருமையை உணர்ந்தவன் பிறர் இல்லத்தின் அருமையையும் உணர்தலே அறம். அதற்குக் காவலாய் நிற்பதே மெய்யான வீரம்.